குத்துப் பாட்டுக்குச் சொல்லாத தீர்ப்பு

1. இரைச்சல்

எர்த் சரியாகக் கொடுக்காத அம்ப்ளிஃபயர் இரையும். பாட்டு தொடங்குவதற்கு முன்னால், மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்கும் முன்னால், ஸ்பீக்கருக்குள் அடித்தொண்டையில் ம்ம்ம் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சவுண்ட் வேலைக்கு வருகிறவன் முதலில் பழகுவது இந்தச் சத்தத்தோடுதான். வயரைத் தொட்டுப் பார்ப்பான். பிளக்கைக் கழற்றித் திருப்பிச் சொருகுவான். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டால் முதலில் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறேன். கல்யாண மண்டபமாக இருந்தால் கூரையைப் பார்க்கிறேன். "என்னண்ணே, மழையா?" என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

பதுளையில் சவுண்ட் சேர்விஸ் வைத்திருக்கிறேன். ஊவா மாகாணத்தின் தோட்டங்களுக்கெல்லாம் என் வேன் ஏறி இறங்கியிருக்கிறது. பூப்புனித நீராட்டு, தேர், மரண வீடு, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். சனங்கள் சிரிப்பதற்கும் அழுவதற்கும் ஒரே ஸ்பீக்கரைத்தான் கட்டியிருக்கிறேன். இப்போது இந்த வேலைக்கு நிறையத் தம்பிமார் வருகிறார்கள். லெப்டொப்பில் மிக்ஸ் பண்ணுகிறார்கள், போனிலேயே லெவல் பார்க்கிறார்கள். அதில் நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஒரு பின்னேரத்தைப் பற்றி மட்டும் எழுதி வைக்கிறேன். அன்றைக்கு ஒரு பட்டிமன்றத்துக்கு நான் நடுவராக இருந்தேன். எந்த வகைப் பாட்டுக்கு எந்தப் பாட்டுக்காரர் பொருத்தமான ஆள் என்று வாதம். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு இன்னும் வரவில்லை.

2. மரத்தில் ஏறியது

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டம். பேர் வேண்டாம். தேர் முடிந்து மஞ்சள் நீராட்டு நாள். அந்தத் தோட்டத்துக்கு இரண்டு பிரிவு: மேட்டில் இருக்கிற லய வீட்டு வரிசைகள் மேல்கணக்கு, பள்ளத்தில் இருக்கிறவை கீழ்க்கணக்கு. நடுவில் மலையைச் செதுக்கி எடுத்த ஒரு மைதானம். மைதானத்தின் ஓரத்தில் மேடை. மேடைக்கு மேலே கிளை விரித்து ஒரு பழைய யூக்கலிப்டஸ் மரம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழாய் ஸ்பீக்கரை அந்த மரத்தில்தான் கட்ட வேண்டும், எட்டும் மட்டும் உயரத்தில். இறக்கிக் கட்டினால் கீழ்க்கணக்குக்குக் கேட்பது மேல்கணக்குக்குக் கேட்காது. அதற்கே ஒரு சண்டை வரும். கட்டுவதற்கு நானே ஏறுவேன். மற்றவர் கட்டின முடிச்சை நான் நம்புவதில்லை.

பாதி மரம் ஏறியபோது அம்ப் இரைகிற சத்தம் கேட்டது. கீழே யாரோ அம்பைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். அம்ப் இன்னும் வேனுக்குள்தான் இருந்தது.

தலையைத் தூக்கினேன். இலைக்குள் மறைந்து, கிளைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒன்று தொங்கியது. முதலில் யாரோ போட்ட பழைய படங்குத் துணி என்று பட்டது. பிறகு அதன் மேல் ஒரு அலை ஓடியது, மேலிருந்து கீழாக, காற்று நெல்லைத் தடவுகிற மாதிரி. அது முழுக்க உயிர். புத்தகத்தில் அதற்கு மலைத்தேனீ என்று பேர் இருக்கலாம். தோட்டத்தில் அது குளவி. அதன் பேரைச் சொல்லிக்கொண்டுதான் கொழுந்து மலையிலிருந்து பெண்களை லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறார்கள்.

எப்படி இறங்கினேன் என்று கேட்டால், மரத்தோடு மரமாக இறங்கினேன். பட்டை உரசுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

தோட்டத் தலைவர் செல்லையாதான் திருவிழாக் கமிட்டிக்கும் தலைவர். மேடைக்குப் பின்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"தலைவரே, மரத்துல கூடு இருக்கு."

"என்ன கூடு?"

"குளவி."

அவர் சுற்றிலும் பார்த்தார். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க தம்பி. சொன்னா நம்ம பயலுக கல்லெடுப்பானுக. இல்லாட்டி பந்தம் கட்டிக்கிட்டு ஏறுவானுக. போன வருசம் பன்னெண்டாம் நம்பர் மலையில அப்புடித்தான் ஒருத்தன் வீரம் காட்டினான். கொட்டு வாங்கினது கொழுந்து எடுத்த பொம்பளைங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் மேடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கி தூக்கிட்டுப் போனதுல ஒருத்தி தேவிகா. இன்னைக்கி பட்டிமன்றத்துல கீழ்க்கணக்குக்கு அவதான் பேசுறா."

"இப்ப நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்கா. டாக்டர் சொல்லியிருக்காரு, அவ ஒடம்புக்கு இன்னொரு தடவ தாங்காதாம். ஒண்ணு ரெண்டு கொட்டினாலே போதுமாம். இங்கிருந்து பசறை ஆஸ்பத்திரிக்கு லொறி போய்ச் சேருறதுக்குள்ள முடிஞ்சிருமாம்."

"மேடைய மாத்திருவோம்."

"எங்க மாத்துறது? இந்தத் தோட்டத்துல சமமான எடம் இது ஒண்ணு, ஸ்டோர் முத்தம் ஒண்ணு." ஸ்டோர் முற்றம் என்றால் தேயிலைத் தொழிற்சாலையின் முன் வெளி. மலை வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. "அதுக்கு தொரை உத்தரவு வேணும். நான் மேனேஜர் பங்களாவுக்குப் போறேன். வர்ற வரைக்கும் சத்தத்தக் கொறச்சி வச்சிக்கங்க. அந்தப் புள்ளைக்கும் ஆள் அனுப்புறேன், இன்னைக்கி பேச வேணாம்னு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் குழாயை மரத்தில் கட்டாமல் மைதானத்தின் எதிர்க் கரையில் ஒரு கம்பத்தில் கட்டினேன். நிலம் அதிரப் பேஸ் கொடுக்கிற சப் பெட்டிகளை வேனை விட்டு இறக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். நான் மரத்தில் இருந்த நேரம் தோட்டத்துப் பையன்கள் ஆசையாக அவற்றை இறக்கி மேடையடியில் வைத்துவிட்டார்கள். வயரை மட்டும் கொடுக்காமல் விட்டேன்.

3. வெடிச் சட்டம்

தேவிகா வந்தார். வந்தார் என்பதைவிடச் சண்டைக்கு ஏறி வந்தார் என்று சொல்லலாம். மஞ்சள் தண்ணீர் பட்ட சேலை, பின்னால் கீழ்க்கணக்குப் பெண்கள் ஒரு கூட்டம்.

"தலைவரு மேல்கணக்கு. அவரு என்னையப் பேச வேணாங்கிறாரு. இதுல என்ன வெளங்குது ஒங்களுக்கு?"

மேல்கணக்குப் பக்கம் பேச இருந்தவர் சுரேஷ், ஆட்டோ ஓட்டுகிறவர். மேடைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "தோத்துப் போய் அழுவீங்களேன்னு பாவம் பாத்திருப்பாரு அக்கா."

"ஒன் ஆட்டோவுல ஓடுற பாட்டக் கேட்டா ரோட்டுல படுத்திருக்கிற நாயே எந்திரிச்சி வேற ரோட்டுக்குப் போகுது. நீ மியூசிக் பேசுற."

நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "தங்கச்சி, ஒரு நிமிசம் இங்கிட்டு வாங்க."

"எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கண்ணே. ரகசியப் பேச்செல்லாம் அவங்களோட வச்சிக்கங்க."

எல்லாருக்கும் முன்னால் சொல்லக்கூடிய சொல்லாக அது இல்லை. சுற்றி நின்ற பையன்களின் கைகளைப் பார்த்தேன். எல்லாம் கல் எடுக்கிற கைகள். வயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வருவதாக இருந்த நடுவர் வரவில்லை. யாரைப் போடுவது என்று இழுபறி. வெளி ஆளாக, பாட்டுத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் நான்தான். "சவுண்ட்ஸ் அண்ணனுக்கு எல்லாப் பாட்டுக்காரரையும் தெரியும். அவரு கையால மைக் வாங்காத ஆளு ஊவாவுல இல்ல." அது உண்மைதான். மெலோடி, சிங்களத் துள்ளல் பாட்டான பைலா, குத்து என்று மூன்று சுற்று. ஒவ்வொன்றுக்கும் நம் பக்கத்துப் பாட்டுக்காரர்களில், வாத்தியக்காரர்களில் ஒருவரைச் சொல்லி, பேசி நிறுவி, போனில் ஒரு துண்டு போட்டுக் காட்ட வேண்டும்.

அப்புறம்தான் வெடியைப் பார்த்தேன்.

மேடையின் இரண்டு கம்பத்திலும் ஒவ்வொரு சீன வெடிச் சரம், மாலை மாதிரித் தொங்கியது. மேல்கணக்குக்கு ஒன்று, கீழ்க்கணக்குக்கு ஒன்று. நடுவர் தீர்ப்புச் சொன்ன உடனே ஜெயித்த பக்கம் தன் சரத்தைக் கொளுத்தும். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: தீர்ப்புக்கு முன்னால் எந்தப் பக்கம் கொளுத்துகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. அதிலிருந்து யாரும் மாறியதில்லை.

"வெடி வேணாமே, இந்தத் தடவ," என்றேன்.

"வெடி போடாட்டி யாரு ஜெயிச்சான்னு லயத்துல இருக்கிற கெழடு கட்டைக்கெல்லாம் எப்புடித் தெரியும்ணே?" என்றார் சுரேஷ்.

சரங்கள் தொங்கிய இடத்துக்கு நேர் மேலேதான் அந்தக் கிளை. கூட்டம் வந்து உட்கார்ந்தது. முன்னால் பாயில் பிள்ளைகள், பின்னால் பெண்கள், மேட்டில் ஆண்கள். மைதானத்திலிருந்து வெளியே போக ஒரு பாதைதான், ஸ்டோர்ப் பக்கமாக. மற்றப் பக்கமெல்லாம் தேயிலைச் சரிவு. நான் மிக்ஸருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். கையில் நெருப்புப் பெட்டி இல்லை. ஆனால் நான் சொல்லப் போகிற பேர்தான் நெருப்பு என்று எனக்குத் தெரிந்தது.

4. மெலோடியும் பைலாவும்

நன்றாகத்தான் பேசினார்கள். அதுதான் கொடுமை. வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

மெலோடிக்கு சுரேஷ் பண்டாரவளை ஜெயசீலன் என்றார். "இந்தப் பக்கத்துல எந்தக் கல்யாணம் ஜெயசீலன் இல்லாம நடந்திருக்கு? அவரு பாடினா அழுகிற புள்ள வாய மூடும். மைக்குக்கு வலிக்காமப் பாடுவாரு."

தேவிகா லுணுகலை ரெஜினா என்றார். "ஜெயசீலன் எந்தப் பாட்டையும் மெதுவாப் பாடுவாரு. மெதுவாப் பாடினா மெலோடியா? அப்புடின்னா எங்க தாத்தா மலை ஏறுறதும் மெலோடிதான்." கூட்டம் சிரித்தது. நான் மேலே பார்த்தேன். "ரெஜினா ஒரு வரிய முடிக்கிறப்ப நமக்கு அடுத்த வரி வேணாம்னு இருக்கும். இந்த வரியிலயே குடியிருந்துறலாம்னு இருக்கும். அதுதான் மெலோடி."

அந்தச் சுற்றைத் தேவிகாவுக்குக் கொடுத்தேன். கீழ்க்கணக்குப் பெண்கள் கை தட்டினார்கள். கைதட்டலை அமர்த்தச் சொல்லி நான் கையைக் காட்டினேன்.

பைலாவுக்கு சுரேஷ் பதுளை வின்சன்ட். "ஆறுக்கு எட்டுத் தாளம் எல்லாருக்கும் தெரியும். ஆனா வின்சன்ட் ஒரு வரி தமிழ்ல, ஒரு வரி சிங்களத்துல பாடுவாரு. கடைக்கார முதலாளி வீட்டுக் கல்யாணத்துலயும் ஆடுவாங்க, நம்ம கல்யாணத்துலயும் ஆடுவாங்க, புத்தர் பன்சலைக்குப் பக்கத்துல நடக்கிற கல்யாணத்துலயும் ஆடுவாங்க. மூணு எடத்துலயும் விடிஞ்சா செருப்பக் காணோம்னு தேட வைக்கிறவன்தான் பைலாக்காரன்."

தேவிகா எழுந்து யோசித்தார். "அதுல எனக்குப் பேச்சில்ல. என் செருப்பும் ஒண்ணு அப்புடித்தான் போச்சு." உட்கார்ந்துவிட்டார்.

ஆளுக்கு ஒரு சுற்று. மீதி இருப்பது குத்து. அதுதான் தீர்ப்பு.

அப்போது மிக்ஸரில் ஒன்று வந்து விழுந்தது. ஒற்றைக் குளவி. கடைசி விரலில் ஒரு கணு நீளம், பொன்னும் கறுப்பும். சத்தத்தை ஏற்றி இறக்குகிற இரண்டு ஃபேடருக்கு நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டில் நடந்தது. நான் கையை எடுக்கவில்லை. அது மாஸ்டர் ஃபேடரின் தலையில் ஏறி, கொஞ்ச நேரம் இருந்து, பறந்தது. ஸ்டோர்ப் பாதையைப் பார்த்தேன். தலைவரை இன்னும் காணவில்லை.

5. பேஸ்

குத்துக்கு சுரேஷ் ஹாலிஎல கணேஷைச் சொன்னார். டிரம் பேட் அடிக்கிறவர், விரல் வேகம் பிரசித்தம். தேவிகா பசறை முத்துவேலைச் சொன்னார். தப்படித்துப் பழகி, பிறகு பேடுக்கு வந்தவர்.

"கணேஷ் அடிக்கிறது கணக்கு," என்றார் தேவிகா. "ஒண்ணு பெசகாது. முத்துவேலு அப்பிடி இல்ல. அவரு சாவு வீட்டுக்கும் அடிச்சவரு, சாமிக்கும் அடிச்சவரு. ரெண்டும் தெரிஞ்ச கையாலதான் குத்து வரும். சாவு தெரியாதவன் அடிச்சா அது வெறும் சத்தம்."

அவர் அதை யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஒருத்தியின் வாயில் அது தானாக வந்தது.

"போடுங்கண்ணே முத்துவேல."

போட்டேன். அடிச் சத்தம் முழுவதையும் லோ கட் பட்டனால் எடுத்துவிட்டுப் போட்டேன். முத்துவேலின் அடி தகர டப்பாவில் மழை பெய்கிற மாதிரிக் கேட்டது.

"என்னண்ணே, முத்துவேலுக்குக் காய்ச்சலா?" என்று கூட்டத்தில் ஒருவர்.

"பேஸ் எங்க? நடுவரு மேல்கணக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டாரு."

"சப்ப ஏன் சும்மா வச்சிருக்கீங்க?"

கைகாட்டி, வயர் பழுது என்றேன். அதற்குள் மேடையடியில் நின்ற ஒருவர், உதவி செய்கிற எண்ணத்தில், சப்பின் வயரைத் தேடி எடுத்துச் சொருகிவிட்டார்.

தும் என்று ஒரே ஒரு அடி. நிலம் காலில் ஏறியது. மேடைத் தகரம் அதிர்ந்தது. நான் பாட்டை நிறுத்திவிட்டுப் பாய்ந்து வயரைப் பிடுங்கினேன்.

பாட்டு நின்றுவிட்டது. மைதானம் நின்றுவிட்டது. இரைச்சல் நிற்கவில்லை.

"அம்ப் இரையுதுண்ணே," என்று யாரோ சொன்னார்கள். சொன்னவரை நான் இன்னும் நினைக்கிறேன். அவர் என் வேலையை என்னைவிட நம்பினார்.

தேவிகா மேடையை விட்டு இறங்கி நேராக மிக்ஸருக்கு வந்தார். இந்தத் தடவை பின்னால் யாரும் இல்லை. "ஏண்ணே, நீங்களும் அவங்க ஆளா? என் சுத்துல மட்டும் ஏன் இப்புடிப் பண்றீங்க?"

அம்பின் பவர் சுவிட்சை அவர் பார்க்கும்படி அணைத்தேன். சிவப்பு லைட் அணைந்தது. சத்தம் அப்படியே இருந்தது.

அவருக்கு மரத்தைக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தச் சத்தத்தை அவர் ஒரு தடவை தலைக்குள் கேட்டவர். கோபம் இருந்த முகத்தில் ஒன்றும் இல்லாமல் போனது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு பெருசு?"

"ஆள் ஒசரம்."

"கலைஞ்சிருச்சா?"

"இன்னும் இல்ல. அலையடிக்குது. நீங்க போயிருங்க தங்கச்சி. மொதல்ல நீங்க போங்க."

"எம்புள்ளைக ரெண்டும் முன்னால பாயில ஒக்காந்திருக்கு." சேலை முந்தானையை எடுத்துக் கழுத்தையும் காதையும் மூடிச் சுற்றினார். "நான் ஓடினா எல்லாரும் ஓடுவாங்க. ஓடினா அது வரும். கூச்சல் கேட்டாலும் வரும்."

அந்த நேரம் பாதையின் திருப்பத்தில், வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி, வெள்ளைத் துண்டு ஆடியது. தலைவர். ஸ்டோர் கேட் திறந்தாகிவிட்டது.

"ஸ்டோர் முத்தத்தத் தொறக்கத்தான் தலைவரு போனாரு," என்று கண்ணால் காட்டினேன். தேவிகா பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். "மைக்க மட்டும் போடுங்கண்ணே. சின்னதா. முன்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கிற மாதிரி."

"நான் பேசுறேன். நீங்க போங்க."

"நீங்க பேசினா யாரு கேப்பா? ஒங்களத்தான் இப்ப கள்ள நடுவர்னுட்டாங்களே."

6. ஸ்டோர் முற்றம்

அம்பைத் திருப்பிப் போட்டேன். அவர் மேடையில் ஏறினார், அந்தக் கிளைக்கு நேர் கீழே. பேசியது தாலாட்டுகிற குரல்.

"ஒரு விசயம் கேக்கிறேன். குத்துப் பாட்ட ஒக்காந்து கேட்டுத் தீர்ப்பு சொல்ற பழக்கம் எந்த ஊர்ல இருக்கு? இது என்ன ரேடியோ நாடகமா? காலுதான் சொல்லணும். ஆடிப் பாத்துத்தான் சொல்லணும். இங்க ஆட எடம் பத்தாது. தலைவரு ஸ்டோர் முத்தத்தத் தொறந்து வச்சிருக்காரு. எல்லாரும் அங்க வாங்க. முத்துவேலுக்கும் கணேஷுக்கும் அங்க வச்சிப் பாத்துக்குவோம். பொம்பளைங்க புள்ளைகளத் தூக்கிக்கிட்டு முன்ன போங்க. மெதுவா. விசில் அடிக்கிற பக்கத்துக்கு நடுவரு புள்ளி கொறைப்பாரு."

"கொறைப்பேன்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பாய் எழுந்தது. பிறகு பெண்கள். தேவிகா நிறுத்தாமல் பேசினார். நிறுத்தினால் சனம் நின்று திரும்பிப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். பேர் சொல்லிச் சொல்லி அனுப்பினார். "ராமாயி அக்கா, செருப்ப அப்புறம் தேடலாம், ஒங்க செருப்ப யாரும் தூக்க மாட்டாங்க. மாரிமுத்தண்ணே, நீங்க ஆடுறதப் பாக்கத்தான் எல்லாரும் போறாங்க, சுருக்கா நடங்க." அவருடைய மூத்த பிள்ளை திரும்பி நின்றது. "அம்மா பேசிக்கிட்டு இருக்கேன்ல. தம்பி கையப் புடிச்சிக்கிட்டுப் போ."

அந்தச் சின்னக் கை தம்பியைப் பிடித்ததும் அவர் கண்ணை மூடித் திறந்தார். குரல் மாறவில்லை.

மைதானம் பாதி காலியானது. பிறகு முக்கால். அப்போதுதான் சுரேஷ் மேல்கணக்குக் கம்பத்தடிக்கு வந்தார், கையில் நெருப்புப் பெட்டி.

"நடுவர் அண்ணே, கீழ்க்கணக்கு எந்திரிச்சிப் போகுது. வாதம் முடியாம எடத்த விட்டுப் போனா தோத்த கணக்குத்தானே? தீர்ப்பச் சொல்லுங்க, கொளுத்திர்றேன்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. முகம் முழுக்கச் சந்தோஷம். நான் எழுந்து ஓடிப் பிடிக்க நினைத்தேன். நடுவில் மேடை, வயர், பெட்டிகள். கத்தவும் முடியாது.

"தீர்ப்பு இன்னும் வரல தம்பி," என்றேன்.

"எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

"நீங்க இழுக்கிறதப் பாத்தா பொம்பளைப் புள்ள பக்கம் சாயிறீங்க." குச்சியை உரசினார். சின்ன மஞ்சள் நாக்கு. திரிக்கும் அதற்கும் ஒரு சாண்தான்.

தேவிகா மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அதே தாலாட்டுக் குரலில் சொன்னார். "பத்த வை தம்பி. தீர்ப்புக்கு முன்ன வெடி போட்டுத் தோத்த மொத மேல்கணக்கு ஆளு நீதான். ஒன் ஆட்டோவுக்குப் பின்னால எழுதி ஒட்டுவோம். ஒம்புள்ளை பள்ளிக்கூடம் போறப்பவும் சொல்லுவாங்க."

சுரேஷ் நின்றார். குச்சி எரிந்து விரலுக்கு வந்தது. உதறினார். என்னைப் பார்த்தார், தீர்ப்புக்காக. நான் இல்லை என்று தலையை ஆட்டி, கண்ணை மட்டும் மேலே தூக்கினேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. இறங்கி வந்த கண்ணில் வேறு ஆள் இருந்தார். நெருப்புப் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டு, பையைக் கையால் அழுத்திக்கொண்டார். தன் சரத்தைக் கழற்றினார். கீழ்க்கணக்குச் சரத்தையும் கழற்றினார். இரண்டையும் பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாதையில் போனார்.

"வாங்க தங்கச்சி. போதும்."

"கால் வரலண்ணே."

பார்த்தேன். அவர் தோளில், முந்தானை மடிப்பில், ஒன்று உட்கார்ந்திருந்தது. நடந்தது. சேலை முடிந்து கழுத்துத் தோல் தொடங்குகிற இடத்துக்கு வந்தது. அங்கே நின்றது. தேவிகா மூச்சு விடவில்லை. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. நான் மேடைப் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றேன். தட்டிவிடலாம். தட்டினால் கொட்டும். என் கை தூக்கினது தூக்கினபடி அந்தரத்தில் நின்றது.

அது திரும்பி மடிப்பில் இறங்கியது. பிறகு பறந்தது.

நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். ஓடவில்லை.

7. வேனடியில்

ஸ்டோர் முற்றத்தில் என் பெட்டிகள் இல்லை. சுரேஷின் ஆட்டோவில் இருந்த ஸ்பீக்கரில் முத்துவேலும் கணேஷும் மாறி மாறி ஓடினார்கள். தலைவர் வந்து கூட்டைப் பற்றிச் சொன்னபோது ஆட்டம் நின்றது. பெண்கள் தங்கள் பிள்ளைகளை எண்ணினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து குத்துக்கு யார் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. முத்துவேல்தான். ஆனால் அதை வாய் திறந்து சொல்ல அன்றைக்கு முடியவில்லை, இன்றைக்கும் ஒரு மேடையில் சொன்னதில்லை.

தம்பிமாருக்குச் சொல்ல வருவது இதுதான். பெட்டி இறக்குவதற்கு முன்னால் அண்ணாந்து பாருங்கள். சனம் வெளியே போகிற பாதையில் ஒரு தடவை நடந்து பாருங்கள். கூட்டத்தில் யாருக்கு ஓட முடியாது, யாருக்கு எது ஆகாது என்று கமிட்டியிடம் கேளுங்கள். சத்தம் உங்கள் கையில் இருப்பதாக நினைக்காதீர்கள். அன்றைக்கு மிக்ஸர் முழுவதும் என் முன்னால் இருந்தது. மைதானத்தைக் காலி பண்ணியது ஒரு மைக்கும், பயந்தும் நடுங்காத ஒரு குரலும்தான். பயம் தொண்டைக்கு வராமல் பேச ஒரு ஆளுக்குத் தெரியும் என்றால் அந்த ஆளிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள்.

வெயில் இறங்கி, கூடு அடங்கிய பிறகு தலைவரும் நானும் போய்ச் சத்தமில்லாமல் பெட்டிகளை எடுத்து வந்தோம். வேனில் ஏற்றி முடிக்கிற நேரம் தேவிகா வந்தார். சின்னப் பிள்ளை தோளில் தூங்கியிருந்தது.

"கூட்ட எடுக்கச் சொல்லி ஒபிசுல சொல்லப் போறாங்களாம்," என்றேன்.

"சொல்லுவாங்க. போன வருசமும் சொன்னாங்க."

"நாளைக்கு எந்த மலை ஒங்களுக்கு?"

"பன்னெண்டாம் நம்பர்."

"அதே மலையா? வேற மலை கேக்கலாமே."

"கேட்டேண்ணே. எல்லா மலையிலயும்தான் மரம் இருக்குன்னாரு கங்காணி. காத்தால பேரு கூப்பிடுற பெரட்டுல நிக்கணும்."

"பயமா இல்லையா தங்கச்சி?"

"பயந்தாண்ணே. பயந்துக்கிட்டு எடுத்தாலும் கொழுந்து கொழுந்துதானே." பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டார். வேன் கதவைச் சாத்தினேன். சாவியைத் திருகப் போனபோது கண்ணாடி ஓரம் வந்து குனிந்தார்.

"பாத்துப் போங்கண்ணே. மூணாவது வளைவுல மட்டும் ஹோன் அடிக்காதீங்க. அங்க மண்மேட்டுக்கு மேலயும் ஒரு கூடு இருக்கு."